பம்பு டைமருக்குப் புது சிப்: அஸ்தம்பட்டி சர்வீஸ் கடை

ஏற்காட்டில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். நாற்றுகளுக்குக் காலையும் மாலையும் 15 நிமிடம் பம்பு ஓட்டி நிறுத்த அட்மெகா 8 என்ற, நிரல் ஏற்றி ஓட்டும் சிப் போட்ட போர்டு ஒன்று வைத்திருந்தோம். ஆறு வருடம் உழைத்தது. போன சித்திரையில் விழுந்த இடியில் சிப் போய்விட்டது.

அதே சிப் கிடைக்கவில்லை. "இதுக்கும் 28 கால்தான், அப்படியே உட்காரும்" என்று ஒரு கடையில் அட்மெகா 328பி போட்டு, கோடில் (சிப்பை இயக்கும் நிரலில்) ரிஜிஸ்டர் எனப்படும் சிப்பின் உள் நினைவிடங்களின் பெயர்களை மாற்றி ஏற்றித் தந்தார்கள். உட்காரத்தான் செய்தது. மறுநாள் காலை 6 மணிக்கு ஓட ஆரம்பித்த பம்பு 8 மணிக்குத்தான் நின்றது. பைகளில் மண் கரைந்து, பாதி நாற்றுகள் வேர் தெரியச் சாய்ந்து கிடந்தன. அதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

அப்புறம்தான் சேலம் அஸ்தம்பட்டியில் சந்துக்குள் இருக்கும் இந்தக் கடைக்குப் போனேன். ஒரு பெண் நடத்துகிறார், முப்பது வயது இருக்கும். எங்கள் நிரலை முதலில் திறக்கவே இல்லை. நொடிக்கு ஒரு முறை எல்இடி மின்னும் சின்ன நிரலை ஏற்றி, செல்போனில் நேரம் பார்த்தார். எட்டு நொடிக்கு ஒரு முறைதான் மின்னியது.

"எட்டு மடங்குங்கண்ணா. உங்க கோடுல தப்பில்ல, ஃபியூஸ்ல இருக்கு."

ஃபியூஸ் என்று அவர் சொன்னது எரிந்துபோகும் கம்பி அல்ல, சிப் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பது போன்றவற்றை அதற்குள்ளேயே பதிந்து வைக்கும் அமைப்பு. பழைய சிப்பை நாங்கள் 8 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினோம். 328பி புதிதாக வரும்போது அந்த வேகத்தை எட்டால் வகுக்கும் ஃபியூஸோடு வருகிறது. ஓடுவது 1 மெகாஹெர்ட்ஸில். 15 நிமிடம் இரண்டு மணி நேரமானது அதனால்தான். லோ ஃபியூஸ் என்ற அந்த அமைப்பின் மதிப்பை 62-லிருந்து இ2 (பதினாறடிமான எண்கள்) ஆக்கினார், நேரம் சரியானது.

நான் கிளம்பியிருப்பேன். அவர் விடவில்லை. நிரலை வேண்டுமென்றே ஓரிடத்தில் முடங்க வைத்தார். நிரல் முடங்கினால் சிப்பை மறுபடி தொடங்க வைக்கும் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் ரீசெட் செய்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. எல்இடி மினுமினுத்தபடியே இருக்க, திரும்பத் திரும்ப ரீசெட். அட்மெகா 8-ல் ரீசெட் ஆனதும் வாட்ச்டாக் அணைந்துவிடும். 328பி-யில் அணையாது, சுமார் 16 மில்லி நொடிக் கெடுவோடு ஓடிக்கொண்டே இருக்கும். நிரலின் தொடக்கத்திலேயே வாட்ச்டாக்கால் ரீசெட் ஆனதைக் குறிக்கும் டபிள்யூடிஆர்எஃப் கொடியை அழித்துவிட்டுத்தான் அதை நிறுத்த முடியும். இரண்டு வரி சேர்த்தார். தோட்டத்தில் ஆளில்லாத நேரத்தில் இது நடந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

சிப் விலையோடு 850 ரூபாய். என்னென்ன மாற்றினார் என்று ஒரு தாளில் எழுதி, பெட்டிக்குள்ளேயே ஒட்டித் தந்தார். இதுவரை யாரும் எனக்கு அப்படிச் செய்து தந்ததில்லை.

ஒரு குறை: இரண்டு நாள் என்றவர் ஐந்து நாள் எடுத்துக்கொண்டார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, கடை பூட்டியிருந்ததால் ஒரு முறை சும்மா திரும்பினேன். போன் செய்துவிட்டுப் போங்கள். சிப்பில் ஏற்றும் ஹெக்ஸ் கோப்பு மட்டும் போதாது, மூலக் கோடும் கையில் இருக்கட்டும். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.