1915 உதவி எண்: 99 ரூபாய் திரும்பி வந்தது, டிக் அப்படியே இருக்கிறது

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். அம்மாவுக்காக ஒரு ஷாப்பிங் ஆப்பில் 1,849 ரூபாய்க்கு டேபிள் ஃபேன் போட்டேன், போன பணம் 1,948. திரும்பப் போய்ப் பார்த்தால், விலை விவரத்துக்குக் கீழே சாம்பல் நிறப் பொடி எழுத்தில் 'பாதுகாப்புத் திட்டம் 99' என்று இருக்கிறது, பக்கத்தில் அவர்களே போட்டு வைத்த டிக். நான் அதைத் தொடவே இல்லை. ஆப்பின் சாட்டில் நான்கு நாள் கேட்டும், ரத்து செய்ய முடியாது என்ற ஒரே பதில்தான் வந்தது.

அப்புறம்தான் 1915-க்குப் போன் போட்டேன். காலை 8 முதல் இரவு 8 வரை எடுக்கிறார்கள், 17 மொழிகளில் பேசலாம், தமிழும் உண்டு. பேசியவர் அவசரப்படுத்தவில்லை, ஆர்டர் எண், தேதி, தொகை மூன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார், புகார் எண் மெசேஜில் வந்தது. ஒன்பதாம் நாள் 99 ரூபாய் கணக்கில் ஏறிவிட்டது. இந்தச் சேவைக்கு 5-க்கு 4 தாராளமாகக் கொடுப்பேன்.

அந்த ஒரு மதிப்பெண்ணை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், பணம் வந்த அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா, "மிக்சி வாங்கணும், கொஞ்சம் பார்த்துக் குடு தம்பி" என்று போனை நீட்டினார். அதே ஆப், அதே சாம்பல் எழுத்து, அதே டிக். எனக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள் அக்காவிடம் எடுக்கத் தயாராக நிற்கிறார்கள்.

1915 வழக்குக்கு முந்தைய கட்டம் மட்டும்தான், கம்பெனிக்கு உத்தரவு போட அதற்கு அதிகாரமில்லை. அங்கே தீரவில்லை என்றால் இ-ஜாக்ரிதி தளம் வழியாக நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் அதுவும் பெரும்பாலும் என் ஒருவன் கணக்கைத்தான் தீர்க்கும். முன்கூட்டியே டிக் போட்டுச் சம்மதம் வாங்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகளே சொல்கின்றன, 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல் தடுக்கும் 13 தந்திரங்களில் கேட்காமல் கூடையில் சேர்ப்பதும் ஒன்று. எல்லார் போனிலிருந்தும் அந்த டிக்கை எடு என்று சொல்லும் அதிகாரம் டெல்லியில் இருக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு.

சரி, கடலூரில் இருப்பவன் டெல்லிக்கு எப்படிப் போவது? அதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 17-வது பிரிவுப்படி பலரைப் பாதிக்கும் புகாரை மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம், 16-வது பிரிவுப்படி அவர் விசாரித்து மத்திய ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம். ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டத்திலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான்: பெரிய டெக் கம்பெனிகள்மேல் தீர்ப்பு சொல்வது ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் மட்டும், 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் போட்டதும் அதுதான், ஆனால் தகவல் வாங்குவதையும் விசாரிப்பதையும் அந்தந்த நாட்டில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையங்களும் செய்யலாம். உள்ளூரில் கண் இருந்தால்தான் மேலே இருக்கும் கைக்கு எங்கே தொடுவது என்று தெரியும். நம் சட்டம் அந்தக் கண்ணை ஆட்சியரிடம் கொடுத்திருக்கிறது, இதை 1915-இல் புகார் பதியும் ஒவ்வொருவருக்கும் கூடவே சொன்னால் மீதி அந்த ஒரு மதிப்பெண்ணையும் கொடுத்துவிடுவேன்.

போன திங்கள்கிழமை மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன், என் ஸ்கிரீன்ஷாட்டும் அக்காவுடையதும் சேர்த்து. ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது. உங்கள் கார்ட்டிலும் அந்த டிக் இருந்தால், எடுத்துவிடுவதற்கு முன் தேதி தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.