அப்பீல் போட்டாச்சு என்றால் ஏஆர்என் நம்பரைக் கேளுங்கள்

ஜிஎஸ்டி நோட்டீஸை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, "அவர் பார்த்துக்குவார்" என்று கடையைக் கவனிக்கப் போனவன் நான். நீங்களும் அப்படி இருந்தால் இன்றைக்கே போர்ட்டலைத் திறந்து பாருங்கள்.

சின்ன எலக்ட்ரிக்கல் கடை எங்களுடையது. 2018-19இல் ஒரு சப்ளையரின் பில்லுக்கு எடுத்த ஐடிசி, அதாவது சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியை நம் வரியில் கழித்துக்கொள்வது, சப்ளையர் கொடுக்கும் கணக்கை வைத்துப் போர்ட்டல் காட்டும் 2ஏ பட்டியலில் வரவில்லை என்று ஜிஎஸ்டி சட்டம் 73ஆம் பிரிவில் நோட்டீஸ். அந்த வருஷத்துக்கு, வித்தியாசம் ஒரு சப்ளையருக்கு 5 லட்சத்துக்குள் இருந்தால் சரக்கு கொடுத்து வரியும் கட்டியதாக அவரிடமே சான்று வாங்கிக் கொடுக்கலாம் என்று 2022 டிசம்பரில் வந்த 183ஆம் சர்க்குலர் சொல்கிறது. அலைந்து சான்றை வாங்கி, எங்கள் ஆடிட்டரிடம் கொடுத்தேன். ஆடிட்டர் என்பது வாய்ப்பழக்கம்தான், மனுஷன் சிஏ இல்லை.

நேரில் விசாரணைக்கு மூன்று தேதி கொடுத்திருக்கிறார்கள். ஒன்றுக்கும் இவர் போகவில்லை. எனக்கும் தெரியாது, ஏனென்றால் 2017இல் பதிவு செய்தபோதே மொபைல், மெயில் இரண்டையும் தன்னுடையதாகவே போட்டுக்கொண்டார், ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். போர்ட்டலில் ஏற்றிவிட்டாலே நமக்குச் சேர்ந்த கணக்கு என்று 169ஆம் பிரிவு இருக்கிறது. அதுவும் வழக்கமான நோட்டீஸ் பக்கத்தில் இல்லாமல், கூடுதல் நோட்டீஸ் என்று தனியாக ஒரு பக்கத்தில் கிடந்தது.

2024 ஏப்ரலில் ஆர்டர். வரி 2,10,000, வட்டி அபராதத்தோடு 4 லட்சத்துக்கு மேல். "பயப்படாதீங்க சார், அப்பீல்ல உடைச்சிடலாம்" என்று, அப்பீலுக்குக் கட்ட வேண்டிய முன்பணம், வரியில் 10 சதவீதம் 21,000, தன் ஃபீஸ் 15,000, இரண்டையும் ஜிபேயில் வாங்கிக்கொண்டார். ஒரு வாரத்தில் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் வந்தது, அப்பீல் ஃபாரம் முழுக்க நிரப்பியிருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

டிசம்பரில் செக் திரும்பியது, பேங்க்கில் கேட்டால் கணக்கை முடக்கியிருக்கிறார்கள். ஆபீசுக்கு ஓடினேன். அலுவலர் மானிட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: அப்பீல் எதுவுமே இல்லை. நாம் கட்டும் பணம் பதிவாகும் போர்ட்டல் கணக்கான கேஷ் லெட்ஜரில் 21,000 வந்த சுவடே இல்லை. அப்புறம்தான் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நிரப்பின ஃபாரம்தான், சப்மிட் பண்ணவே இல்லை, சப்மிட் பண்ணினால் போர்ட்டல் தரும் ஒப்புகை எண்ணான ஏஆர்என் எங்கேயும் கிடையாது. அப்பீலுக்கு மூன்று மாதம், தக்க காரணம் சொன்னால் இன்னும் ஒரு மாதம், அதைத் தாண்டினால் மேல்முறையீட்டு அதிகாரியாலும் எடுக்க முடியாது. அது ஆகஸ்ட்டோடு போயிருந்தது.

ஜிஎஸ்டி சட்டம் 128ஏ பிரிவின் தள்ளுபடித் திட்டம் இருந்ததால் ஓரளவு தப்பித்தேன். 2025 மார்ச் 31க்குள் வரியைக் கட்டி விண்ணப்பித்ததில் வட்டியும் அபராதமும் தள்ளுபடி. ஆனால் அந்த 2,10,000, சான்றை விசாரணையில் நீட்டியிருந்தால் கட்டியே இருக்க வேண்டாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

லாகின் அடுத்தவர் கையில் இருந்தால் உங்கள் பகுதி ஜிஎஸ்டி ஆபீசில் எழுதிக் கொடுத்து மொபைல், மெயிலை மாற்றிக்கொள்ளலாம், நான் அப்படித்தான் மாற்றினேன். நேரில் விசாரணை வேண்டும் என்று எழுதிக் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும், 75ஆம் பிரிவு. யாரை அனுப்பினாலும் நீங்களும் கூடவே போய் உட்காருங்கள். முன்பணத்தை உங்கள் லாகினில் நீங்களே கட்டுங்கள், யார் ஜிபேக்கும் அனுப்பாதீர்கள்.

பணத்தைக் கேட்டால் அவர் போனை எடுப்பதில்லை. சப்ளையர் சான்றையாவது திருப்பிக் கொடுங்கள் என்று மெசேஜ் போட்டேன், அதற்கு மட்டும் பதில் வந்தது: "அது உங்ககிட்டதானே சார் இருக்கு?"