கம்பியா, காற்றா? வீட்டுக் கணினிகளை இணைக்கும் நான்கு வழிகள்

வீட்டில் இருக்கும் இரண்டு மூன்று கணினிகளையும் ஒரு பிரிண்டரையும் தொலைக்காட்சியையும் கைப்பேசிகளையும் ஒரே வலையமைப்பில் சேர்க்க நான்கு வழிகள் உள்ளன: ஈதர்நெட் கேபிள், ஒரே ரூட்டரின் வைஃபை, வீட்டின் பல இடங்களில் வைக்கும் சிறு வைஃபை பெட்டிகள் (முனைகள்) சேர்ந்து இயங்கும் மெஷ், மின்கம்பி வழியாகவே தரவை அனுப்பும் பவர்லைன். இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து வீடு முழுவதற்கும் அதையே நம்பியிருப்பதுதான் பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். வைஃபை மந்தமாகிவிட்டால் உடனே இன்னும் சக்தி வாய்ந்த ரூட்டரைத் தேடுகிறோம். ஆனால், இடம் மாறாமல் இருக்கும் தொலைக்காட்சியையும் மேசைக் கணினியையும் கேபிளுக்கு மாற்றிய பிறகு, பழைய ரூட்டரிலேயே கைப்பேசிகள் தடையின்றி இயங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வைஃபை வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இதற்கான காரணம் விளங்கும். ஒரு வைஃபை சேனல் என்பது எல்லோருக்கும் பொதுவான ஒற்றையடிப் பாதை. ஒவ்வொரு கருவியும் சேனல் காலியாக இருக்கிறதா என்று முதலில் கவனித்து, வேறெதுவும் அனுப்பாத நேரத்தில்தான் தன் தரவை அனுப்புகிறது. அதுவரை மற்றவை காத்திருக்கின்றன. தொலைவில், சிக்னல் குறைந்த அறையில் இருக்கும் கருவி மெதுவாகவே பேச முடியும் என்பதால், அதே அளவு தரவுக்கு அது கூடுதல் நேரம் பாதையை அடைத்துக்கொள்கிறது. ஆகவே கடைசி அறையில் ஓடும் ஒரு மடிக்கணினி, ரூட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கைப்பேசியின் வேகத்தையும் குறைத்துவிடும். ரூட்டர் பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் வேகமோ, எல்லா அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிச் சொன்ன தொகை. எந்த ஒரு கருவிக்கும் அது கிடைப்பதில்லை.

கேபிளில் இந்தக் காத்திருப்பே கிடையாது. ஸ்விட்ச், அதாவது பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி வழியாக இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பாதை உண்டு. ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும். சாதாரண கேட்5இ கேபிளில் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் வேகம் கிடைக்கும். ஒரு பைட் என்பது எட்டு பிட் என்பதால், 10 ஜிபி (கிகாபைட்) அளவுள்ள ஒரு கோப்பை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற அந்த வேகத்தில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகும். இணைப்பு 100 மெகாபிட்டாக இருந்தால் கால் மணி நேரம் ஆகும்.

இந்த வேறுபாட்டை நான் தெரிந்துகொண்டது என் கையால் கிரிம்ப் செய்த, அதாவது முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்திய ஒரு கேபிளால். இணையம் வந்தது, விளக்கு எரிந்தது, எனவே எல்லாம் சரி என்று வாரக்கணக்கில் இருந்துவிட்டேன். ஒரு நாள் காப்புநகல் எடுக்கும்போதுதான், கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 100 என்று காட்டுவது கண்ணில் பட்டது. கேபிளின் முனையில் இருக்கும் ஆர்ஜே45 பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எட்டுக் கம்பிகளில் பழுப்பு நிறக் கம்பி மட்டும் பிளக்கின் முனை வரை போகாமல் அரை மில்லிமீட்டர் முன்பே நின்றிருந்தது. 100 மெகாபிட் இணைப்புக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடிகள் போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். அதனால் இணைப்பு அறுந்துவிடாமல் சத்தமின்றிப் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியிருந்தது. அன்றிலிருந்து புதிய கேபிளைச் செருகியதும் முதலில் அந்த எண்ணைத்தான் பார்க்கிறேன்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று பாருங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பிகளும் விற்கின்றன. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அவை எளிதில் முறிவதோடு ஈதர்நெட் தரத்துக்கும் உட்பட்டவை அல்ல. சுவருக்குள் பதிப்பதாக இருந்தால் கேட்6 போடுவதே நல்லது. 55 மீட்டர் வரை அதில் 10 கிகாபிட் போகும், வீட்டுக்குள் அந்தத் தொலைவு தாராளம். மின்கம்பி போகும் குழாயிலேயே இதையும் நுழைக்காமல், தனிக் குழாயில் இழுக்க வேண்டும்.

கேபிளால் எட்ட முடியாத கருவிகளுக்கு வைஃபைதான் வழி. அதை ஒழுங்காக அமைப்பதும் பெரிய வேலையில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர்களைத் தாண்டி ஓரளவு தொலைவு செல்லும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைச்சல் எழுப்புகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் வேகமும் சேனல்களும் அதிகம், சுவர்களைத் தாண்டும் திறன் குறைவு. ரூட்டரை இரும்பு அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ ஒளித்து வைக்காமல், வீட்டின் நடுவில் சற்று உயரத்தில் வைப்பதே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

ஒரு ரூட்டர் எட்டாத வீடுகளுக்கு மெஷ் பொருந்தும். சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் சாதாரண ரிப்பீட்டர் கேட்டதையே அதே சேனலில் திரும்பச் சொல்வதால் வேகம் பாதியாகிறது. முனைகள் தங்களுக்குள் பேச தனி அலைவரிசை வைத்திருக்கும் மெஷ் இந்த இழப்பைப் பெருமளவு தவிர்க்கிறது. பலர் செய்யும் பிழை, சிக்னலே வராத அறையில் கொண்டுபோய் முனையை வைப்பது. முனைக்கே நல்ல சிக்னல் வந்தால்தான் அது பிறருக்குக் கொடுக்க முடியும். எனவே அதைப் பாதி வழியில் வைக்க வேண்டும். முனைகளைக் கேபிளால் இணைக்க முடிந்தால் அதற்கு மிஞ்சிய ஏற்பாடு இல்லை.

பவர்லைனை நான் கடைசியாகத்தான் பரிந்துரைப்பேன். துளையிட முடியாத சுவர்களுக்கு அது உதவும். ஆனால் வேகம் வீட்டின் மின்கம்பிகளைப் பொறுத்தது. அடாப்டரை நேராகச் சுவர் சாக்கெட்டில் செருக வேண்டும், ஸ்பைக் பஸ்டரில் செருகினால் அதன் வடிகட்டி தரவையும் விழுங்கிவிடும். இரண்டு அறைகளும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் இணைப்பே கிடைக்காமலும் போகலாம்.

பாதுகாப்பில் கேபிளுக்குத் தெளிவான சாதகம் உண்டு, வீட்டுக்குள் வராமல் யாரும் அதில் நுழைய முடியாது. வைஃபைக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறையும் நீளமான கடவுச்சொல்லும் கட்டாயம்.

எந்த வழியை எடுத்தாலும் வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வழங்கும் வேலையை, அதாவது டிஹெச்சிபியை, ஒரே ஒரு ரூட்டரிடம் விடுங்கள். பழைய ரூட்டரை ஸ்விட்சாகப் பயன்படுத்த விரும்பினால், அதன் டிஹெச்சிபியை நிறுத்தி, முதல் ரூட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 போன்ற வேறு முகவரி கொடுத்து, கேபிளை அதன் லேன் (வீட்டுக் கருவிகளுக்கான) துளையில் செருக வேண்டும். கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், யாரிடமிருந்தும் அதற்கு முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். கேபிளையும் டிஹெச்சிபியையும் பாருங்கள். பிரிண்டருக்கு மட்டும் ரூட்டரிலேயே ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால், ரூட்டரை அணைத்துப் போட்ட பிறகும் கணினிகள் அதைத் தேடி அலைய வேண்டியிருக்காது.