கவாலா போகிறவர்கள் கவனத்துக்கு: மீனைக் கை காட்டும் முன் தராசைப் பாருங்கள்

கிரேக்கத்தின் வடக்குக் கரையில், தெசலோனிக்கிக்குக் கிழக்கே இருக்கிறது கவாலா. சாண்டோரினித் தீவின் கூட்டம் வேண்டாம் என்பவர்கள் தேடிப் போகும் துறைமுக ஊர். நகர நடுவே உதுமானியர் காலத்து நீர்ப்பாலம், மேட்டில் பழைய பனாயியா பகுதி, எகிப்தை ஆண்ட முகமது அலி 1769-இல் பிறந்த வீடு, 15 கிலோமீட்டரில் பிலிப்பி என்ற பழங்கால நகரின் இடிபாடுகள். நல்ல ஊர். விலையும் பிரபலமான தீவுகளைவிடக் குறைவு. அந்த நினைப்பிலேயே வருகிறவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுகிறார்கள். அதைக் காசாக்கத் தெரிந்தவர்கள் சிலர் இங்கேயும் உண்டு.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது துறைமுகத்து உணவகங்களில், மீனில். வெயிட்டர் ஐஸ் பெட்டிக்கு அழைத்துப் போவார். “இன்று காலை வந்தது” என்று ஒரு மீனைத் தூக்கிக் காட்டுவார். நீங்கள் தலையாட்டினால் மீன் அடுப்புக்குப் போய்விடும், விலைப் பேச்சே வராது. மெனுவில் அந்த மீனுக்கு நேரே 60 யூரோ என்று இருந்தால் அது கிலோவுக்கு. மீன் 1.3 கிலோ என்றால் பில்லில் 78 யூரோ. குடல், செதில் எடுக்கும் முன் எடை போடுவது அங்கே வழக்கம், அதைக் குறை சொல்ல முடியாது. உங்கள் கண்ணெதிரே போடாததுதான் அநியாயம். சுட்ட மீனில் குடலும் இருக்காது, நீரும் வற்றியிருக்கும். தட்டுக்கு வந்த பிறகு எடை தப்பு என்று நிரூபிக்க வழியே இல்லை.

ஆகவே மீன் பெட்டியிலிருந்து வெளியே வந்த அந்த நொடியில் பேசிவிடுங்கள். கிலோ என்ன விலை என்று கேளுங்கள். தட்டோடு தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள், பிறகு மீனை வைக்கச் சொல்லுங்கள். எண் நின்றதும் கைபேசியில் ஒரு படம். பெருக்கி வரும் தொகையை வாய்விட்டுச் சொல்லி, ஆர்டர் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. நேர்மையான கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார், ஊர்க்காரர்களும் இப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள். தராசைக் காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பர்பூனி போன்ற சின்ன மீன்களில் வேறு மாதிரி நடக்கும். “இரண்டு பேருக்குப் போதுமானதாகக் கொண்டு வாருங்கள்” என்று சொன்னால் அளவை அவர் கையில் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். அரைக் கிலோ, 600 கிராம் என்று நீங்களே சொல்லுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய அடி கல் இறால் (லாப்ஸ்டர்) போட்ட பாஸ்தா. மெனுவில் இருக்கும் விலை தட்டுக்கு என்று நினைத்துக்கொள்வார்கள், அது பெரும்பாலும் இறாலின் கிலோ விலையாக இருக்கும். மத்தி, நெத்திலி, சிப்பி போட்ட சோறு ஆகியவை தட்டுக் கணக்கில் வருபவை. இந்தக் கரையில் இவைதான் ருசிக்கும் காசுக்கும் பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

கோடையில் பெரிய இழுவலைப் படகுகளுக்குக் கடலில் தடை உண்டு. சின்னப் படகுகள் கொண்டுவருவதுதான் புது மீன், அது எல்லா மேசைக்கும் போதாது. எனவே உறைந்த மீனும் பண்ணை மீனும் தாராளமாகப் புழங்கும். உறைந்த பொருளை மெனுவில் குறிக்க வேண்டும் என்பது சட்டம், பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஐஸில் கிடக்கும் சிப்பூரா மீன்கள் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருந்தால் அநேகமாகப் பண்ணை மீன். சாப்பிடலாம், கெடுதல் இல்லை. ஆனால் கடல் மீன் விலை கொடுக்கக் கூடாது.

கேட்காமல் மேசைக்கு வரும் ரொட்டிக்கும் தலைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். வேண்டாமென்றால் தொடாமல் அப்போதே திருப்பி அனுப்புங்கள். மெனுவில் இருக்கும் விலை வரி, சேவை எல்லாம் சேர்ந்தது. கடைசியில் “வரி தனி” என்று யாராவது கூட்டினால் அது மோசடிதான்.

பில் விஷயத்தில் கிரேக்கச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. முறையான ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்கத் தேவையில்லை, இந்த வாசகத்தையே மெனுவில் அச்சிட்டிருப்பார்கள். கையால் கிறுக்கிய தாளும், ஆர்டரோடு மேசையில் வைக்கும் சீட்டும் ரசீது ஆகாது. “அபோதிக்ஸி” என்று கேளுங்கள். வரித்துறையின் க்யூஆர் குறியோடு வரும். ஒவ்வொரு வரியிலும் எடையும் கிலோ விலையும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கார்டை எடுங்கள்.

கார்டு என்றதும் இன்னொன்று. இயந்திரம் உங்கள் கார்டு எந்த நாட்டுடையது என்று கண்டுபிடித்து, யூரோவா உங்கள் நாணயமா என்று கேட்கும். இந்தியக் கார்டு என்றால் ரூபாயில் ஒரு தொகை காட்டும். எப்போதும் யூரோவைத்தான் அழுத்த வேண்டும், ரூபாயை அழுத்தினால் இயந்திரக்காரர் வைத்த மோசமான மாற்று விகிதத்துக்கு நீங்கள் சம்மதித்ததாகிவிடும். சில வெயிட்டர்கள் உங்களைக் கேட்காமல் தாங்களே அழுத்திவிடுவார்கள். சீட்டில் ரூபாய் தெரிந்தால் இடத்தை விட்டு நகராமல், ரத்து செய்து மறுபடி யூரோவில் போடச் சொல்லுங்கள். பணம் எடுக்கும் ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். அங்கே “மாற்றம் இல்லாமல்” என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கவாலா விமான நிலையம் என்று பெயர், ஆனால் அது நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் கிழக்கே, கிரிசூப்பொலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. டாக்ஸி மீட்டரில் 1, 2 என்று இரண்டு கட்டணம். நகருக்குள் பகலில் 1. நகர எல்லைக்கு வெளியேயும், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரையும் 2, அது கூடுதல் கட்டணம். விமான நிலையத்திலிருந்து வரும்போது 2 ஓடுவது நியாயம். பகலில் பேருந்து நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகும்போது 2 ஓடினால் அங்கேயே சொல்லுங்கள். தாசோஸ் தீவுக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விமான நிலையத்துக்குக் கிட்டத்தில் இருப்பது கெரமோத்தித் துறை. அங்கிருந்து தாசோஸின் லிமேனாஸ் துறைக்குப் படகில் சுமார் 40 நிமிடம். கவாலாவிலிருந்து அதே தீவின் ப்ரீனோஸ் துறைக்கு ஒன்றேகால் மணி. “கவாலாவில்தான் படகு” என்று சொல்லி எதிர்த்திசையில் நீண்ட சவாரி ஓட்டப் பார்ப்பவரிடம், கெரமோத்தி என்று ஊர் பெயரை அழுத்திச் சொல்லி ஏறுங்கள்.

வாடகைக் கார் எடுத்தால் தாசோஸில்தான் தகராறு தொடங்கும். மார்பிள் கடற்கரைக்குப் போகும் பாதை தார் போடாதது, வெள்ளைக் கல் தூசி. வண்டி முழுக்க மாவு பூசினாற்போல் ஆகும், கற்கள் அடித்தட்டில் படும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் டயர், கண்ணாடி, அடிப்பகுதி, மண் சாலைச் சேதம் இவை சாதாரணக் காப்பீட்டில் சேராது. படகில் ஏற்றவும் எழுத்தில் அனுமதி கேட்பார்கள், வாங்காமல் ஏற்றினால் காப்பீடே செல்லாது என்பார்கள். சாவி வாங்கும்போது நான்கு சக்கர விளிம்புகள், பம்பரின் கீழ்ப்பக்கம், முன் கண்ணாடி, பெட்ரோல் முள் எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும்போது வண்டியைக் கழுவிவிட்டு மறுபடி எடுங்கள். தூசி மூடிய வண்டியை ஒப்படைத்தால், கழுவியபின் கீறல் தெரிந்தது என்று ஒரு வாரம் கழித்து மின்னஞ்சல் வரும். “சேதம் இல்லை” என்று கையெழுத்து வாங்காமல் கிளம்பாதீர்கள். இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகத்தை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

விடுதியில் தனியாகக் கேட்கும் பருவநிலைக் கட்டணம் மோசடி அல்ல, அரசு வசூல். 2025 முதல், ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை அறைக்கு ஓர் இரவுக்கு மூன்று நட்சத்திர விடுதியில் 5 யூரோ, நான்கில் 10, ஐந்தில் 15. தலைக்கு இவ்வளவு என்று கேட்டால் மட்டும் மறுத்து ரசீது கேளுங்கள்.

கடற்கரையில் சாய்வு நாற்காலி “இலவசம்” என்றால் குறைந்தபட்சம் எவ்வளவுக்கு வாங்கிச் சாப்பிட வேண்டும் என்பதை உட்காரும் முன் கேட்டுவிடுங்கள். 2024 சட்டப்படி கரையோரம் 4 மீட்டருக்குள் நாற்காலி போடக் கூடாது. அங்கே துண்டு விரிக்கும் உங்களை யாரும் விரட்ட முடியாது.

தகராறு முற்றினால் நுகர்வோர் எண் 1520, சுற்றுலாக் காவல் 1571. பல இடங்களில் அழைக்கப் போகிறேன் என்று சொன்னதுமே பில் திருத்தப்படும். திருத்தாவிட்டால் வேறு வழியில்லாமல் கார்டில் கொடுத்துவிட்டு, மெனு, தராசு, ரசீது மூன்றின் படத்தையும் வைத்து வங்கியில் எதிர்ப்புத் தெரிவியுங்கள். ரொக்கமாகக் கொடுத்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.