குமுளி பக்கம் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ ஷூ வாங்குறீங்களா, டப்பா மேல இருக்குற ஸ்டிக்கர உரிச்சுப் பாத்துட்டு காசு குடுங்க

கம்பம், கூடலூர், குமுளி, வண்டன்மேடு பக்கம் இருக்குறவங்க, ஏலத்தோட்டத்துக்கு ஏறி இறங்குறவங்க, எங்கள மாதிரி டிஸ்க் கோல்ஃப் ஆடுறவங்க எல்லாரும் தயவுசெஞ்சு முழுசா படிங்க. பார்டர் தாண்டி குமுளியில ஒரு கடையில பல வருஷம் கிடந்த ஷூவ ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’, அதாவது வெளிநாட்டுக்கு அனுப்புனது போக மிஞ்சுன புது சரக்குன்னு சொல்லி எங்கிட்ட வித்துட்டாங்க. காசு போனது ஒரு பக்கம், புல்மேட்டுச் சரிவுல சோல் பிஞ்சு கணுக்கால் பிசகி படுத்துக்கெடந்தது இன்னொரு பக்கம்.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவங்களுக்காக சொல்றேன், பந்துக்கு பதிலா தட்டு, குழிக்கு பதிலா சங்கிலி தொங்குற கூடை, அவ்வளவுதான். கலிஃபோர்னியாவுல 1975ல மொத மைதானம் போட்டாங்க. எங்க சித்தப்பா மகன் பெங்களூர்ல வேலை பாக்குறப்ப பழகிட்டு வந்து, மடக்குற கூடை ரெண்டு வாங்கியாந்தான், தெரிஞ்ச தோட்டத்துக்காரர் ஒருத்தர் சும்மா கிடக்குற புல்மேட்ட ஆடிக்கோங்கடான்னு விட்டுட்டாரு. நின்ன எடத்துல ஆடுற ஆட்டம் இல்ல இது, பூரா நடைதான், அதுவும் மேடு பள்ளம், ஈரப்புல்லு, அட்டை வேற.

இதுல ஷூ எங்க அடி வாங்கும்னு ஆடுறவனுக்குத்தான் தெரியும். வலதுகைக்காரங்க பேக்ஹேண்ட், அதாவது தட்ட நெஞ்சுக்குக் குறுக்கால இழுத்து எறியிறப்ப ஓடி வந்து, கால மாத்தி வச்சு, வலது கால ஊனி அந்தக் கால்லயே உடம்பத் திருப்பி விடணும், பின்னாடி வர்ற இடது காலோட முன்விரல் பக்கம் தரையில ஒரசிக்கிட்டே இழுபடும். அதனால இடது ஷூ மூக்குல ஓட்டை விழும், வலது ஷூவுல ஓரத்துல சோல் விடும். இடதுகைக்காரங்களுக்கு அப்படியே மாறி வரும். சாதா ரன்னிங் ஷூ வலைத்துணி இந்த ஒரசலுக்கு ரொம்ப நாள் தாங்காது. மூக்குல ரப்பர் கவசம் இருக்கணும், ஓரத்துல நல்லா தையல் இருக்கணும்னு தேடித்தான் போனேன்.

கடைக்காரர் நல்லா தமிழ் பேசுனாரு. “அண்ணா, இது எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், வாட்டர்ப்ரூஃப், இந்த மழைக்காலம் முழுக்க போட்டாலும் ஒண்ணும் ஆவாது”ன்னாரு. நாக்குப் பகுதியில இருக்குற சின்ன லேபிள் பாதி வெட்டியிருந்துச்சு, ஏன்னு கேட்டேன், எக்ஸ்போர்ட் சரக்குல பேர வெட்டித்தான் வெளிய விடுவாங்கன்னு சொன்னாரு. டப்பாவுல 4,999னு எம்.ஆர்.பி. ஸ்டிக்கர், நமக்கு 2,800க்கு. பில்லு கேட்டதுக்கு துண்டுச்சீட்டுல ஷூ ஒண்ணுன்னு எழுதி தேதி போட்டு குடுத்தாரு, மேல ரப்பர் ஸ்டாம்ப்புல ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’. காசு ஜிபேயில போட்டேன், அந்த ரெக்கார்டு இருக்கு.

பாக்க புதுசுதான், அதுல சந்தேகமே வராது. மேல்தோல் பளபளன்னு இருந்துச்சு, அடி ரப்பர்ல ஒரு கீறல் கிடையாது. ஒரு வாரம்கூட ஆகல. ஓடி வந்து வலது கால ஊனி திரும்புறேன், கால் திரும்புது, அடி ரப்பர் மட்டும் புல்லுல அப்படியே நின்னுக்கிச்சு. விழுந்து எந்திரிச்சுப் பாத்தா குதிகால் பக்கம் அடி ரப்பர் நாக்கு மாதிரி தொங்குது, ரப்பருக்கும் மேல்தோலுக்கும் நடுவுல இருந்த மெத்தைப் பகுதி விரல் வச்சா பொடிப்பொடியா உதிருது, கையில ஒட்டுது வேற. இன்னொரு ஷூவ கட்டைவிரல்ல அமுக்குனேன், அதுவும் அதே கதி.

கம்பத்துல எங்களுக்கு வழக்கமா செருப்பு தைக்கிற ஐயாகிட்ட கொண்டுபோனேன். பசை போட்டு ஒட்டிக்குடுங்கன்னேன், அவரு ஷூவ வளைச்சுப் பாத்துட்டு, “தம்பி, ஒட்டுற எடமே செத்துப்போச்சு, எதுல ஒட்டுறது? இது டப்பாக்குள்ளயே கெட்ட சரக்கு”ன்னாரு. அவரு சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. நடு சோல் பி.யூ., அதாவது பாலியூரித்தேன்ல செஞ்சிருந்தா காத்துல இருக்குற ஈரம் அதுக்குள்ள போயி கொஞ்சம் கொஞ்சமா கட்டுமானத்த அறுத்துரும். போடாம டப்பாவுல வச்சிருந்தாலும் இது நடக்கும், சூடும் ஈரமும் சேந்தா இன்னும் வேகமா நடக்கும். செஞ்சு அஞ்சாறு வருஷம் ஆயிட்டா எப்ப உதிரும்னு சொல்ல முடியாது. குமுளி மாதிரி வருஷத்துல பாதி நாள் மழையும் மூடுபனியுமா இருக்குற ஊர்ல குடோன்ல கெடந்தா கேக்கவே வேணாம். ஈ.வி.ஏ.ன்னு இன்னொரு வகை நுரையில செஞ்ச நடு சோல் இப்படி உதிராது, நாளாக நாளாக அமுங்கித்தான் போகும்.

வீட்டுக்கு வந்து டப்பாவ எடுத்து எம்.ஆர்.பி. ஸ்டிக்கர வெந்நீர்ல நனைச்சு உரிச்சேன். கீழ அச்சுல இருந்துச்சு, தயாரிப்பு மார்ச் 2016, விலை 2,495. பாத்ததும் ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. அந்த விலையவிட கூடவே எங்கிட்ட வாங்கியிருக்காங்க. அச்சடிச்ச விவரத்த ஸ்டிக்கர் போட்டு மாத்துறதே சட்டப்படி தப்பு, விலையக் குறைச்சு வேணா ஒட்டலாம், அப்பவும் பழைய விலைய மறைக்கக் கூடாது. இங்க விலையும் கூட்டி, தேதியவும் மறைச்சிருக்காங்க.

திரும்பப் போயி கேட்டா, காட்டுல மேட்டுல போட்டா இப்படித்தான் ஆகும், சீட்டுலதான் எழுதியிருக்குல்லன்னு சொல்றாங்க. மழைக்குத் தாங்கும்னு வித்ததும் அவங்கதான். பின்னாடி ரேக்குல அதே டப்பா அதே ஸ்டிக்கரோட வரிசையா அடுக்கியிருக்கு, அதப் பாத்துட்டுதான் இத எழுதுறேன், தோட்டத்துல மூட்டை தூக்கி சரிவுல இறங்குற ஆளுக்கு இந்த சோல் விட்டா கணுக்கால் பிசகுறதோட போகாது.

வேற ஸ்டேட்டுல வாங்குனது, அங்க போயி யாரு கேஸ் நடத்துறதுன்னு நம்ம ஆளுங்க விட்டுர்றாங்க, கடைக்காரங்க தைரியமே அதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே புகார் போடலாம். கேரளாவுல வாங்குனாலும் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடலாம். பொருளோட விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும். பில்லு தராததும், பில்லுல திருப்பிக் குடுக்குறதுக்கு கெடு எதுவும் போடலேன்னா குறையுள்ள பொருள 30 நாளுக்குள்ள திரும்ப வாங்க மாட்டேன்னு சொல்றதும் அந்தச் சட்டத்துல முறைகேடான வணிகம். ரப்பர் ஸ்டாம்ப் குத்திட்டா அது மாறிடாது. மொதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு சொல்லுங்க, நான் பதிஞ்சிருக்கேன், புகாரும் எழுதிக்கிட்டிருக்கேன்.

ஷூ வாங்கப் போனா லேபிள் வெட்டியிருந்தா வேணாம்னு வந்துருங்க. ஸ்டிக்கருக்கு கீழ என்ன இருக்குன்னு கடையிலயே உரிக்கச் சொல்லுங்க, மாட்டேன்னா கெளம்பிருங்க. நடு சோல நகத்தால அழுத்துங்க, பிசுபிசுன்னோ, மெல்லிசா வெடிப்போ இருந்தா, கையில துகள் வந்தா அது முடிஞ்ச சரக்கு. ஷூவ நல்லா வளைச்சு ஓரத்துல இடைவெளி விடுதான்னு பாருங்க.

இதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டுன டப்பாவுல யாராச்சும் வாங்கியிருந்தா டப்பாவ தூக்கிப் போடாதீங்க, உரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, உரிச்ச பின்னாடி ஒரு போட்டோ எடுத்து வைங்க, எனக்கு அனுப்புங்க, புகாரோட சேத்துக் குடுக்குறேன்.