பிளாக் ஃபாரஸ்ட் சாப்பிட போய் சீஸ்கேக்குக்கு அடிமையான கதை

நம்ம ஊர் பேக்கரில பர்த்டேக்கு வாங்குற பிளாக் ஃபாரஸ்ட் மாதிரி தான இருக்கும்னு நெனச்சு ஜெர்மனில ஒரிஜினல ஆர்டர் பண்ணீங்கன்னா மொத வாயிலயே மூக்குல ஏறிடும், சொல்லிட்டேன். கிர்ஷ்வாஸர்னு ஒண்ணு, செர்ரிப் பழத்த புளிக்க வச்சு காய்ச்சி எடுக்குற சாராயம், பாக்க பச்சத்தண்ணி மாதிரி தான் இருக்கும், அத தாராளமா ஊத்தி வச்சிருக்காங்க. அங்க அதுக்குன்னு விதியே இருக்கு, அந்த வாசம் நல்லா தெரியலன்னா ஷ்வார்ட்ஸ்வெல்டர் கிர்ஷ்டோர்ட்டன்னு, அதான் பிளாக் ஃபாரஸ்ட் கேக்கோட ஜெர்மன் பேரு, பேர் வச்சு விக்கக் கூடாது.

நாங்க சாப்பிட்டது ட்ரைபெர்க்ல, பிளாக் ஃபாரஸ்ட் மலைக்குள்ள ஒரு குட்டி ஊரு, அருவி இருக்கு, பாக்குற பக்கமெல்லாம் குக்கூ கடிகாரக் கடை. அங்க ஷேஃபர்னு ஒரு கஃபே, யோசஃப் கெல்லரோட ரெசிபி எங்ககிட்ட தான் இருக்குன்னு சொல்றாங்க. இந்த கெல்லர் 1915லயே நான் தான் இத செஞ்சேன்னு சொன்னவரு, ஆனா அப்ப அவர் வேலை பாத்ததா சொல்றது பான் நகரத்துக்கு பக்கத்துல பாட் கோடெஸ்பெர்க்ல, காட்டுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்ல. ட்யூபிங்கன்ல வேற ஒருத்தர் தான் கண்டுபிடிச்சாருன்னு இன்னொரு கோஷ்டி. திருநெல்வேலி அல்வா சண்டை மாதிரி, நமக்கெதுக்கு.

டேஸ்ட்? கிரீம்ல சர்க்கரை கம்மி, செர்ரி நல்ல புளிப்பு, நம்ம ஊர்ல மேல வைக்குற அந்த செவப்பு பிளாஸ்டிக் மாதிரி செர்ரி நெனப்பே வராது. ஆனா நாலாவது ஸ்பூன்லேர்ந்து எனக்கு இருமல் மருந்து ஞாபகம். வீட்டுக்காரர் மட்டும் தட்ட வழிச்சு சாப்பிட்டார்.

பையனுக்கு அத குடுக்க முடியாதே, மூஞ்சிய தூக்கி வச்சிட்டான், சமாதானத்துக்கு ஒரு கேஸகூகன் வாங்கி குடுத்தோம், அதாவது சீஸ்கேக். அது தான் பயணத்தோட ஹீரோ! க்வார்க்னு ஒரு பாலாடைக்கட்டி ஐட்டம், துணில கட்டி நல்லா வடிய விட்ட கெட்டித் தயிர் மாதிரி இருக்கும், அதுல முட்டையெல்லாம் சேத்து உசரமா பேக் பண்றாங்க, மேல லேசா பழுப்பு, உள்ள வெள்ளையா ஈரமா, லைட்டா எலுமிச்ச வாசம். அமெரிக்கன் சீஸ்கேக் மாதிரி திகட்டவே இல்ல. அதுக்கப்புறம் போன ஊர்லெல்லாம் தேடித் தேடி சாப்பிட்டோம்.

பீனன்ஷ்டிஹ்னு இன்னொண்ணு, தேனீக்கடின்னு அர்த்தமாம். பன் மாதிரி ஈஸ்ட் மாவு, நடுவுல வெனிலா கஸ்டர்ட், மேல தேனும் பாதாமும் சேத்து கடலைமிட்டாய் மாதிரி ஒரு மூடி. ஃபோர்க்க வச்சு அழுத்தினா மூடி உடையாம கஸ்டர்ட் மட்டும் பக்கவாட்டுல பிதுங்கி வெளிய ஓடுது, நான் மூடிய தனியா கையில எடுத்து கடிச்சே சாப்பிட்டேன், யாரும் கண்டுக்கல.

செப்டம்பர்ல போனதால ப்ளம்ஸ் பழம் போட்ட கேக் சீசன். நல்லா தான் இருந்துச்சு, ஆனா வெளிய டேபிள் போட்டு உக்காந்தா ஒரு டஜன் குளவி நமக்கு முன்னாடி சாப்பிடும், உள்ள உக்காருங்க. பவும்கூகன், அடுக்கடுக்கா மரத்தோட வளையம் மாதிரி சுட்டெடுக்குறது, பாக்க அழகு, எனக்கு வறட்சியா தான் பட்டுது. ட்ரெஸ்டன் ஊரு கிறிஸ்துமஸ் கேக்கான ஷ்டோலன் டிசம்பர்ல போறவங்களுக்கு, எங்களுக்கு குடுத்து வைக்கல.

சைவம்னா ஒரு விஷயம், கிரீம் கேக் நெறைய ஜெலட்டின் (மிருகத்தோட எலும்பு, தோல்லேர்ந்து எடுக்குறது) போட்டு தான் செட் பண்றாங்க, கேட்டுக்கோங்க, முட்டை இல்லாம எதிர்பாக்கவே வேணாம். மதியம் மூணு நாலு மணி தான் அங்க காபி கேக் நேரம், அஞ்சரைக்கு ஒரு கடைக்கு ஓடினோம், கண்ணாடிப் பெட்டில மிச்சம் ரெண்டு பீஸு தான், அதுக்கும் கார்டு வாங்க மாட்டேன்னுட்டாங்க, அவர் ஏடிஎம் தேடி ஓட நானும் பையனும் கேக்க பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம். கைல காசு வச்சுக்கோங்க.

அடுத்த தடவை போனா பிளாக் ஃபாரஸ்ட் அவருக்கு மட்டும் ஒரு பீஸ், எனக்கு அதுல ஒரு வாய் போதும்.