18,500 ரூபாய்க்கு ஒரு பார்மலின் டப்பா

போன வாரம்தான் ரிசல்ட் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன மாதம், கர்ப்பத்தின் ஒன்பதாவது வாரத்தில் ஸ்கேன் பார்த்தார்கள். கரு 14 மில்லிமீட்டர், துடிப்பு இல்லை. 7 மில்லிமீட்டரைத் தாண்டியும் துடிப்பு இல்லையென்றால் சந்தேகமே இல்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மாத்திரையா, வேக்குவம் முறையில் உறிஞ்சி எடுத்துவிடலாமா என்று கேட்டார். எடுத்துவிடுங்கள் என்றேன். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆரம்பத்தில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம், நீங்கள் எதுவும் செய்துவிடவில்லை என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்தால் மாமியார், "வண்டி ஓட்டாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே."

அன்றிரவு தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஆன்லைன் லேப் ஒன்றின் விளம்பரம் வந்தது. கரு கலைந்த காரணத்தைக் கண்டுபிடித்துத் தரும் பேக்கேஜ், 18,500 ரூபாய். நம்பரைத் தட்டியதும் ஒரு பெண் பேசினாள். விலையே பேசவில்லை. "எனக்கும் ஒண்ணு போச்சுக்கா. காரணம் தெரிஞ்சப்புறம்தான் தூக்கமே வந்துச்சு" என்றாள். அங்கே விழுந்தேன். சீட்டுக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது.

மறுநாள் கருவை எடுக்கும்போது, அந்தச் சதையை டெஸ்டுக்கு வாங்கிப் போக லேப் பையன் ஒருவன் ஆஸ்பத்திரிக்கு டப்பாவோடு வந்தான். அரை டப்பா தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. மூடியைத் திறந்ததும் கண் எரிந்தது என்று என் கணவர் சொன்னார். "இது சலைன்தானே?" என்று சிஸ்டர் கேட்டதற்கு, "கம்பெனி குடுத்ததுதான் சிஸ்டர், எல்லாம் சரியா இருக்கும்" என்றானாம். அப்போதே என் கையில் ஊசி போட்டு ரத்தமும் எடுத்தான்.

மூன்று வாரம் கழித்து 11 பக்க ரிப்போர்ட். குரோமோசோம் டெஸ்ட் இருக்க வேண்டிய இடத்தில் "சாம்பிள் ஏற்கத்தக்கதல்ல." சதையைப் பார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டால் செல் செத்துவிடும், அப்புறம் எதை வளர்த்துக் குரோமோசோம் பார்ப்பது? பார்மலின் ஊற்றி அனுப்பியது யார்? அவர்களேதான்! மீதிப் பக்கமெல்லாம் டார்ச் டெஸ்ட், அதாவது கருவைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை. ருபெல்லா அம்மைக்கு எதிராக உடம்பில் இருக்கும் எதிர்ப்புப் பொருளான ஐஜிஜி பாசிட்டிவ் என்று சிவப்பில் போட்டு, ஆலோசனைக்கு இன்னும் 1,500 கட்டச் சொன்னார்கள். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிக்கே அது பாசிட்டிவ் வரும் என்று என் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

போன் போட்டால் ஆஸ்பத்திரி தப்பு என்றார்கள். அப்புறம், 48 மணி நேரத்தில் மேனேஜர் கூப்பிடுவார். கூப்பிடவில்லை. மூன்றாவது தடவை வேறொரு குரல். நான் அழுததும் அவள் சொன்னாள்: "எனக்கும் ஒண்ணு போச்சுக்கா." எழுதி வைத்துப் படிக்கிறார்கள்!

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. சதையை டெஸ்டுக்குக் கொடுப்பதென்றால் உங்கள் டாக்டர் வழியாகக் கொடுங்கள், டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு தடவை கலைந்ததற்கு டார்ச் வேண்டியதில்லை. ரத்தவகை நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்துக்குப் பாதுகாப்பாகப் போடும் ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று 72 மணி நேரத்துக்குள் கேட்டுவிடுங்கள். மணிக்கு இரண்டு பேடு நனைந்தாலோ காய்ச்சல் வந்தாலோ யாருக்கும் போன் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

18,500 ரூபாய் திரும்பி வராதாம். அதற்குப் பதில் காலையில் ஒரு கூப்பன் வந்திருக்கிறது. அடுத்த முறை இதே பேக்கேஜ் எடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி.